முள்ளிக்குளத்துக் கிணற்றடி மலர்

மன்னாருக்குப் போகிறோம் என்று சொன்னால், நல்ல கருவாடு வாங்கிவரும்படி சொல்வோர் சிலர். திருக்கேதீச்சரத்துக்கு நேர்த்திக்கடனோ என்று வினவுவோர் சிலர். மடுத் திருவிழாவுக்கோ என்று கேட்பாரும் உளர். பூப் பார்க்கப் போகிறோம் என்று நாம் சொன்னபோது எம் இல்லத்தாரே நகைத்துவிட்டனர். உவர்நிலமும் உடைமரமும் சுடுமணலும் நிறைந்த அந்தக் கரையிலே பூவுக்கு என்ன வேலை என்பது அவர்தம் எண்ணம். ஆயினும், 2022ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் நாம் முள்ளிக்குளம் சென்றது ஒரேயொரு பூவைப் பார்ப்பதற்காகவே.

காரணம் இதுதான். எம்மிடம் உயிரியல் பயின்ற மாணவர் ஒருவர் அவ்வூரைச் சேர்ந்தவர். கலப்பினம் உண்டாக்கும் முறையை ஒருநாள் வகுப்பிலே விளக்கியபோது, தென்னாபிரிக்கக் குமிழ்ச் செடிகளிலிருந்து தோன்றிய வண்ண மலர்களின் படங்களைக் காட்டினோம். பாடம் முடிந்ததும் அம்மாணவர் எம்மை அணுகி, “சேர், இந்தப் படத்திலிருக்கிற பூவைப்போல ஒன்று அம்மம்மாவின் கிணற்றடியில் நிற்கிறது. ஆனால் அது முழு வெள்ளை. பத்து வருஷம் ஒருவரும் தண்ணீர் விடாமலும் சாகவில்லை” என்றார். நிறம் எமக்கு வியப்பளிக்கவில்லை. பத்து ஆண்டு என்ற சொல்லே எம்மை இழுத்தது.

வழிநடை

எரிபொருள் தட்டுப்பாடு மிகுந்திருந்த காலமாதலால் பேருந்திலேயே புறப்பட்டோம். சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்து, பூநகரி வழியாக மன்னாரை அடையும்போது வெயில் ஏறிவிட்டது. அடுத்த பேருந்துக்கு நேரமிருந்தமையால் பள்ளிமுனைக்கு நடந்து, அங்குள்ள பெருக்கமரத்தைக் கண்டோம். அடிமரத்தின் சுற்றளவு 19 மீற்றருக்கும் அதிகம். மரமென்று சொல்வதிலும், கிளை முளைத்த ஒரு வீடு என்று சொல்வது பொருந்தும். அதன் தாயகம் ஆபிரிக்கா. அராபிய வணிகர் கொண்டுவந்து நட்டனர் என்பது இப்பகுதியில் வழிவழி வரும் செய்தி. தன் அடிமரத்திலே நீரைச் சேமித்து வறட்சியைக் கடக்கும் இம்மரம், மன்னாரைத் தன் சொந்த ஊராகவே ஆக்கிக்கொண்டது. ஆபிரிக்காவின் வறண்ட நிலங்களுக்கும் இக்கரைக்கும் உள்ள உறவு நேற்று ஏற்பட்டதன்று என்பதை அதன் நிழலில் நின்றபோது உணர்ந்தோம்.

தாம்போதி தாண்டி, வங்காலையின் ஆழமற்ற நீர்ப்பரப்புகளையும் பறவைக் கூட்டங்களையும் யன்னலூடே பார்த்தவாறு தெற்கே சென்றோம். அருவியாற்றுப் பாலத்துக்கு அப்பால் அரிப்பு வருகிறது. 1798 முதல் 1805 வரை இலங்கையின் தேசாதிபதியாயிருந்த பிரெடரிக் நோர்த், முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்வதற்காகக் கட்டிய மாளிகை இங்கேதான் சிதைந்து நிற்கிறது. கடல் கரையை அரிக்க அரிக்க, அதன் சுவர்களும் ஒவ்வொன்றாய்ச் சரிகின்றன. முத்துக்காக உலகம் திரண்ட கரையில் இன்று காற்று மாத்திரம் உலாவுகின்றது.

சிலாவத்துறையும் கொண்டச்சியும் கடந்தபின் காடு நெருங்குகிறது. பாலையும் வீரையும் முட்பற்றைகளும் வழியின் இருபுறமும் தொடர்கின்றன. ஊருக்குத் தெற்கே மோதரகம் ஆறு. அதற்கும் அப்பால் வில்பத்துக் காடு. காட்டுக்கும் கடலுக்கும் இடையே அமைந்த சிற்றூர் முள்ளிக்குளம். முட்செடியின் பெயரையும் நீர்நிலையின் பெயரையும் சேர்த்து ஊருக்குப் பெயரிட்ட முன்னோர், அதன் இயல்பை இரு சொல்லில் அடக்கிவிட்டனர் போலும்!

ஊரும் வளவும்

மீன்பிடியும் வேளாண்மையும் கால்நடை வளர்ப்பும் இவ்வூரார் தொழில்கள். அவர்கள் கத்தோலிக்க சமயத்தவர். தேவாலயமே ஊரின் நடுநாயகம். யுத்தம் நடந்த காலத்தில், 2007ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம், படையினரின் உத்தரவின்பேரில் ஊரார் அனைவரும் வெளியேறினர். சில நாளில் திரும்பிவிடலாம் என்றே பலர் எண்ணினராம். பின்னர் அங்கே கடற்படையின் வடமேற்குக் கட்டளைத் தலைமையகம் அமைந்தது. 2009இல் யுத்தம் முடிந்தபோதும் ஊர் திரும்பக் கிடைக்கவில்லை. 2012இல் ஒரு பகுதியினர் அண்மையிலுள்ள மலங்காட்டிலே கொட்டில் அமைத்துத் தங்கினர். 2017 மார்ச் மாதத்தில் ஊரார் தொடர் போராட்டம் தொடங்கினர். ஏப்ரல் மாத இறுதியில் 100 ஏக்கர் நிலத்தை விடுவிக்க இணக்கம் ஏற்பட்டது. வீடுகளும் வயல்களும் முழுவதும் அத்தோடு மீண்டுவிடவில்லை. எனினும், ஊர் மண்ணில் கால் வைக்கும் பேறு சிலருக்குக் கிட்டியது.

அவ்வாறு திரும்பியவர்களில் ஒருவர் எம் மாணவரின் அம்மம்மா. எழுபதைக் கடந்த வயது; நிமிர்ந்த நடை. தேநீர் தந்து, பாயை விரித்து எம்மை இருக்கச் செய்தபின் தாமே கதையைத் தொடங்கினார்.

“வந்து பார்த்தால் வீடு இல்லை ஐயா. அத்திவாரம் மட்டும் கிடந்தது. கிணற்றைச் சுற்றி ஒரே முள்ளுப்பற்றை. பற்றையை வெட்டினபோது கத்தி ஏதோ மெத்தென்ற ஒன்றில் பட்டது. குனிந்து பார்த்தால் என்ரை அம்மா வைச்ச கிழங்கு! இலை இல்லை, கழுத்து மட்டும் மண்ணுக்கு மேலே நின்றது. அண்டைக்குத்தான் இது எங்கடை வளவுதான் எண்டு எனக்கு நம்பிக்கை வந்தது.”

எல்லைக் கற்கள் மறைந்திருந்தன, வேலி இல்லை, தென்னைகள் பட்டிருந்தன. வளவின் அடையாளத்தைக் காட்டி நின்றது ஒரு பூச்செடியின் கிழங்கு! அவ்வாண்டு மாரி தொடங்கியதும் அது இலை விட்டதாம். மறு ஆண்டு பூத்ததாம். நாம் சென்ற அன்றும் கிணற்றுத் தொட்டியின் ஓரத்தில் பசுமையான பட்டை இலைகளுக்கிடையே ஒரு பூந்தண்டு நிமிர்ந்து நின்றது. அதன் உச்சியிலே ஏறத்தாழ இருபது அரும்புகள். பொழுது சாயச் சாய ஐந்தாறு அரும்புகள் விரிந்தன. ஒடுங்கிய ஆறு வெள்ளிதழ்கள். அவற்றின் நடுவே செந்நிறம் ஏறிய கேசரத் தாள்கள். கடற்காற்றையும் மீறிய இன்மணம். பாயில் இருந்தபடியே அந்த மணத்தை நுகர்ந்தோம். வீட்டில் நகைத்தவர்களை அப்பொழுது நினைத்துக்கொண்டோம்.

குமிழின் குடும்பம்

இச்செடிக்குத் தமிழில் விஷமூங்கில் என்று பெயர். தாவரவியலார் கிரைனம் ஏசியாற்றிக்கம் என்பர். தோற்றத்தில் அல்லியை ஒத்திருப்பினும் அல்லியன்று. ஏமரில்லிசுக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆசியக் கடற்கரை மணல்களில் இயற்கையாகவே வளர்வது. அதன் வித்து பருத்துச் சதைப்பற்றுடன் இருக்கும். கடலில் மிதந்து சென்று வேறொரு கரையில் முளைக்கும். மண்ணில் இடாமலும், நீர் ஊற்றாமலும், மேசைமேல் வைத்த வித்தே முளைவிடுவதைக் கண்டிருக்கிறோம்.

அதன் உயிர் குமிழிலே இருக்கிறது. வெங்காயத்தை நெடுக்கே பிளந்து பார்த்த பிள்ளைகளுக்குக் குமிழின் அமைப்பைப் பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை. உள்ளே குறுகிய ஒரு தண்டு. அதைச் சுற்றி உணவும் நீரும் நிறைந்த செதில்கள். நடுவிலே அடுத்த பருவத்துக்கான குருத்து. மழைக்காலத்தில் இலைகள் ஆக்கும் உணவெல்லாம் இக்களஞ்சியத்தில் சேரும். கோடையில் இலை வாடினும் குருத்து வாடாது. மேலும், இவற்றின் வேர்களில் சில சுருங்கிச் சுருங்கிக் குமிழைக் கீழ்நோக்கி இழுத்து மண்ணிலே உறுதியாய் இருத்துகின்றன. பத்து ஆண்டுகள் நீரூற்றுவாரின்றி இருந்த கிழங்கு பிழைத்த இரகசியம் இதுவே.

கிரைனம் குடும்பம் ஆசியாவோடு நிற்பதன்று. அதன் உறவினர் பலர் தென்னாபிரிக்காவில் உள்ளனர். அந்நாட்டு ஆற்றங்கரைகளில் வளரும் ‘பல்பிசுபேர்மம்’ என்னும் இனத்தின் இதழ்களில் செவ்வரி ஓடும். கரையோரக் காடுகளின் நிழலில் வளரும் ‘மூரி’ என்னும் இனம் அகன்ற இளஞ்சிவப்புப் பூவைத் தரும். இவை இரண்டும் 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துத் தோட்டங்களில் இணைந்து ‘பவெல்லி’ என்னும் கலப்பினம் பிறந்தது. புளோரிடாவில் குடியேறிய பொசன்கே என்னும் ஆங்கிலேயர், தாம் உண்டாக்கிய செந்நிறக் கிரைனத்துக்குத் தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். எலன் பொசன்கே என்ற அப்பெயர் இன்றும் தோட்டங்களில் வழங்குகின்றது. ஆபிரிக்க ஆற்றங்கரை இனத்தையும் ஆசியச் செவ்விலை வகையையும் சேர்த்த கலப்பினங்களும் அமெரிக்கத் தோட்டங்களில் உண்டு.

இத்துறையின் முன்னோடி வில்லியம் ஹேர்பேட் என்னும் ஆங்கிலேயக் குருவானவர். 1837இல் ஏமரில்லிசுக் குடும்பத்தைப் பற்றிப் பெருநூல் ஒன்றை வெளியிட்டவர். கேப் நாட்டுக் கிரைனம் ஒன்றின் சூலகத்துக்கு வேறோர் இனத்தின் மகரந்தத்தை இட்டபோது, காயிலிருந்த சூல்வித்துகள் யாவும் முளைக்கும் வித்துகளாயின என்றும், தன்னினச் சேர்க்கையில் அவ்வாறு நிகழத் தாம் கண்டதில்லை என்றும் அவர் அறிவித்தார். 1859இல் வெளிவந்த தம் நூலிலே சாள்ஸ் டார்வின் இச்செய்தியை எடுத்தாண்டுள்ளார். வேற்றினங்களின் சேர்க்கை மலடாகவே முடியும் என்ற பொதுக் கருத்தை ஒரு கிரைனக் காய் அசைத்துவிட்டதன்றோ!

தென்னாபிரிக்கக் குமிழ்கள் என்றதும் மாணவருக்குக் கிளாடியோலசு நினைவுக்கு வரலாம். அதன் அடிப்பாகம் குமிழன்று, தண்டுக்கிழங்கு. பொதுவழக்கில் எல்லாவற்றையும் சேர்த்தே சொல்வர். வாள் போன்ற இலையால் அது அப்பெயர் பெற்றது. 1823இல் இலண்டனின் செல்சிப் பகுதியில் கொல்வில் என்னும் நாற்றுத்தோட்டக்காரர் இரு கேப் இனங்களைச் சேர்த்தார். 1841இல் பெல்ஜியத்தின் கென்ற் நகரிலிருந்து வேறொரு கலப்பினம் சந்தைக்கு வந்தது. பின்னர், விக்ரோறியா நீர்வீழ்ச்சியின் சாரலில் வளர்ந்த மஞ்சள் இனமொன்றும் கலந்தது. அதன் மேலிதழ் குடைபோல் வளைந்து மகரந்தத்தைச் சாரலினின்றும் காப்பது. இன்று நாம் காணும் எண்ணற்ற நிறங்கள் இவ்வாறு சேர்ந்தவை. பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் புதிய வகைகள் பலவற்றை வெளியிட்டுள்ளது. அவற்றுள் ‘சோபா’ என்பது காமாக் கதிர் பாய்ச்சி நிறம் மாற்றப்பட்டது. ஆனால், கிளாடியோலசு குளிர்ச்சி விரும்பி. நம் நாட்டில் நுவரெலியா, பண்டாரவளைப் பக்கங்களில் அது செழிக்கும். மன்னார் வெயிலில் வாடும். எனவே, இக்கரைக்கு வண்ணம் சேர்க்க விரும்புவோர் இக்கரையில் ஏற்கெனவே வேரூன்றிய கிரைனத்திடமே தொடங்குதல் அறிவு.

மாலை நேரத்து வேலை

பண்டாரவளையில் ஆசிரியராயிருக்கும் எம் நண்பரின் தோட்டத்தில் இளஞ்சிவப்பு ‘மூரி’ உண்டு. அதன் மகரந்தத்தைத் தாளில் மடித்து, வறுத்து ஆறிய அரிசி போட்ட சிமிழில் அடைத்து, அவர் எமக்கு அனுப்பியிருந்தார். ஈரம் புகாதிருக்க அரிசி. அச்சிமிழை எடுத்து, எம் எண்ணத்தை ஆச்சியிடம் கூறினோம். அவர் முகம் மாறியது.

“ஐயா, இது அம்மா வைச்சது. இந்த வெள்ளையைப் பார்த்துத்தான் வளவையே கண்டுபிடிச்சனான். இதின்ரை நிறத்தை மாத்தவேண்டாம்.”

அவர் அஞ்சியது நியாயமே. இழந்தவற்றுள் மீண்டது இதுவொன்று. அதையும் மாற்ற ஓர் அந்நியர் சிமிழோடு வந்திருக்கிறார்! நாம் விளக்கினோம்: “ஆச்சி, இந்தச் செடிக்கு ஒன்றும் ஆகாது. இது எப்போதும் போல வெள்ளையாகவே பூக்கும். நிறம் மாறுவதானால் இதன் வித்தில் பிறக்கும் பிள்ளையில்தான் மாறும். தாய் தாயாகவே இருப்பாள்.” சிறிது நேரம் பூவையே பார்த்திருந்தார். “பிள்ளைகள் வேறு நிறமாய்ப் பிறந்தால் என்ன, தாய் இருந்தால் சரி” என்று சொல்லி எழுந்து, விளக்கை ஏற்றிக்கொண்டு வந்தார்.

வேலை எளிது, பொறுமையே வேண்டும். அன்று மாலை விரிய இருந்த அரும்புகளில் நான்கைத் தேர்ந்து, இதழ்களை மெல்ல விலக்கி, மகரந்தக்கூடுகள் வெடிக்குமுன் அவற்றைச் சிறு கத்தரியால் அகற்றினோம். பூ முழுதும் விரிந்தபின், நீண்ட தம்பத்தின் நுனியிலுள்ள குறியிலே, மென்மையான தூரிகையால் மகரந்தத்தைத் தடவினோம். அந்துப்பூச்சிகள் வேறு மகரந்தம் கொண்டுவராதபடி மெல்லிய காகித உறையால் மூடி நூலால் கட்டினோம். தாயின் பெயரையும் தந்தையின் பெயரையும் தேதியையும் சீட்டில் எழுதித் தொங்கவிட்டோம். சீட்டு எழுதாத கலப்பு, பிறப்புப் பதிவில்லாத பிள்ளை போன்றது.

வீட்டில் முயல விரும்பும் பிள்ளைகளுக்கு ஓர் எச்சரிக்கை. இக்குமிழில் லைக்கோரின் என்னும் நச்சுப்பொருள் உண்டு. விஷம் என்று பெயரிட்டோர் காரணமின்றி இடவில்லை. வெங்காயமென்று எண்ணி வாயில் வைத்தல் ஆகாது. வேலை முடிந்ததும் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதல் வேண்டும்.

ஒரு வித்து

நாம் ஊர் திரும்பிய பத்தாம் நாள் மாணவரிடமிருந்து செய்தி வந்தது. மூன்று பூக்கள் காய் பிடியாமல் உதிர்ந்தன. நான்காவதன் சூலகம் சற்றுப் பருத்தது. அதனையும் புள்ளிப்புழுக்கள் தின்றுவிட்டன. எமக்கு வருத்தமே. ஆனால், மாணவர் அத்தோடு விடவில்லை. 2023 தை மாதத்தில் அடுத்த பூந்தண்டு எழுந்தபோது, பண்டாரவளை நண்பரிடம் தாமே கடிதமெழுதி மகரந்தம் பெற்று, ஆறு பூக்களில் முயன்றார். புழுக்களை நாள்தோறும் காலையில் ஆச்சியே பொறுக்கினாராம். இரண்டு காய்கள் முற்றின. காய்க்கு ஒரு வித்தாக இரண்டு கிடைத்தன, ஒன்று அழுகியது, ஒன்று முளைத்தது.

மறுமுறை நாம் முள்ளிக்குளம் சென்றபோது அம்முளை, மண்சட்டியை விட்டுக் கிணற்றடி மண்ணுக்கு மாறியிருந்தது. தாய்ச் செடியின் இலையினும் அதன் இலை சற்று மென்மையாகத் தோன்றிற்று. அது கலப்புக்கு அடையாளமாகலாம். ஆயினும் இலையின் சாட்சி போதாது, பூவின் சாட்சியே முடிவானது. வித்திலிருந்து வரும் கிரைனம் பூக்க மூன்று, நான்கு ஆண்டுகள் செல்லும். அதற்கு மேலும் செல்லலாம். இளஞ்சிவப்பு வருமோ, வெள்ளையில் செவ்வரி ஓடுமோ, ஒன்றும் மாறாதோ, இப்போது சொல்வார் இலர். வந்த நிறம் நன்றாயின், அதன் பக்கக் குமிழ்களைப் பிரித்து நட்டே பெருக்கவேண்டும்; இத்தகைய கலப்பினங்கள் பல வித்துத் தருவதில்லை.

தாய்ச் செடியைச் சுற்றியும் புதுமை கண்டோம். அதன் பக்கக் குமிழ்கள் சில பெயர்க்கப்பட்டிருந்தன. எங்கே என்று வினவினோம். வளவு இன்னும் கிடைக்காத அயலவர் சிலருக்கு ஒவ்வொன்று கொடுத்தாராம். அவர்கள் இப்போதிருக்கும் இடங்களில் அவற்றை நட்டிருக்கின்றனர். “வளவு கிடைச்சால் கிளப்பிக்கொண்டு வரலாம். கிழங்குதானே, எங்கேயும் இருக்கும்” என்றார் ஆச்சி.

கலப்பினம் பற்றி வகுப்பில் நாம் கூறும் பாடத்தில் தந்தை மகரந்தத்தின் நிறமே பெரிதாகப் பேசப்படும். தொலைநாட்டுச் செம்மை, புதிய வண்ணம், புதுப் பெயர் என்றெல்லாம் சொல்வோம். மண்ணில் நிலைத்த தாய்க் குமிழ் ஒன்று இருந்தாலன்றி அவ்வண்ணத்துக்கு இடமேது என்பதை நாம் போதிய அளவு சொல்வதில்லை. முள்ளிக்குளத்தில்தான் அதனைக் கற்றுக்கொண்டோம்.

புறப்படும்போது, “பூக்க இன்னும் எத்தனை வருஷம் ஐயா?” என்று ஆச்சி கேட்டார். இன்னும் இரண்டு, மூன்று ஆண்டு ஆகலாம் என்று தயங்கியே சொன்னோம். அவர் வயதை எண்ணியே எமக்கு அத்தயக்கம். அவரோ சிரித்தார்.

“பத்து வருஷம் பொறுத்த கிழங்கு ஐயா. இதுக்கோ பொறுக்காது?”

கிழங்கைப் பற்றித்தான் சொன்னாரோ, தம்மைப் பற்றிச் சொன்னாரோ, நாம் கேட்கவில்லை. இக்கட்டுரையை எழுதும் வரையில் அச்செடி பூக்கவில்லை. ஆனால், ஒவ்வொரு மாரி முடிவிலும் எம் மாணவரின் கடிதத்தை எதிர்பார்த்திருக்கிறோம்.